டேட்டா சென்டர் வந்தால் நல்லதுதானா? கையெழுத்து வைக்கும் முன் வியாபாரிகள் கேட்க வேண்டிய கணக்கு



கடந்த சில மாதங்களாகக் கடைக்கு வரும் இளைஞர்களின் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் ‘டேட்டா சென்டர்’. 2025 ஒக்டோபரில் கூகுள் கம்பனி இந்தியாவின் விசாகப்பட்டினத்தில் ஐந்து வருடங்களில் 1,500 கோடி அமெரிக்க டொலரை முதலீடு செய்யப் போவதாக அறிவித்தது. அன்றிலிருந்து இந்தப் பேச்சு நமது பக்கத்திலும் சூடுபிடித்து விட்டது. “குளிர் இங்கே இருக்கு, தண்ணி இருக்கு, கரண்ட் இங்கேயே உற்பத்தியாகுது. அப்படி ஒன்று மலையகத்துக்கு வந்தால் என்ன?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. இயந்திரங்களைக் குளிர்விக்கும் செலவு குளிர்ப் பிரதேசத்தில் குறைவு. வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. கூப்பிடு தூரத்தில் லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ், கென்யன் மின் நிலையங்கள் இருக்கின்றன. வரைபடத்தை விரித்து வைத்து இடம் தேடும் ஒரு கம்பனிக்காரரின் கண்ணில் நமது மலைகள் படாமல் போகாது. நாளையே வட்டவளைக்கு ஒன்று வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருகிறது என்ற செய்தி கிடைத்த பின்னர் யோசிக்க ஆரம்பித்தால் அவகாசம் போதாது. எனவே இவ்வாரம் அதைப் பற்றி நமது கணக்குக் கொப்பி முறையில் பார்ப்போம்.

டேட்டா சென்டர் என்றால் என்ன?

நாம் கைத்தொலைபேசியில் அனுப்பும் படம், வங்கியில் போடும் பணத்தின் விபரம், பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஆகிய எல்லாம் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிகளில்தான் வேலை செய்கின்றன. ஆயிரக்கணக்கான கணினிகளை இறாக்கைகளில் அடுக்கி வைத்திருக்கும் அந்தக் கட்டடமே டேட்டா சென்டர். பெரிய மொத்த வியாபாரக் களஞ்சியம் போன்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. களஞ்சியத்தை இரவில் பூட்டி விளக்கை அணைக்கலாம், இதை அணைக்க முடியாது. களஞ்சியத்துக்கு லொறி வரும், நாட்டாமைகள் வருவார்கள், டீக்கடையில் வியாபாரம் நடக்கும். இங்கே சரக்கு வருவதும் போவதும் கம்பி வழியாகத்தான்.

கணினிக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் இயந்திரம் கெட்டுவிடும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, குளிரூட்டி இயந்திரங்களாலும் விசிறிகளாலும் காற்றைக் கொண்டு ஆற்றுவது. இதற்குத் தண்ணீர் குறைவு, மின்சாரம் கூட. மற்றது, தண்ணீரை ஆவியாக்கி ஆற்றுவது. இதற்கு மின்சாரம் குறைவு, தண்ணீர் கூட. இரண்டிலும் செலவு உண்டு. எதை மிச்சம் பிடிப்பது, யாருடைய பங்கில் கைவைப்பது என்பதுதான் கேள்வி.

நாலு கணக்கு

முதலாவது மின்சாரக் கணக்கு. நடுத்தர அளவில் 10 மெகாவாட் எடுக்கும் ஒரு டேட்டா சென்டர் இருக்கிறது என்று வைப்போம். அது இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 72 இலட்சம் யுனிட். மாதம் 90 யுனிட் பாவிக்கும் வீடுகள் என்று பார்த்தால் 80,000 வீடுகளுக்குச் சமம். விசாகப்பட்டினத்தில் திட்டமிடப்பட்டிருப்பது 1,000 மெகாவாட். 2024ஆம் ஆண்டு நமது முழு நாட்டினதும் இரவு நேர உச்சத் தேவையே 3,000 மெகாவாட்டை எட்டவில்லை. அதாவது அந்த ஒரு திட்டமே நமது நாட்டின் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த அளவில் இங்கே யாரும் வரமாட்டார்கள். ஆனால் ‘சிறியது’ என்று சொல்லப்படுவதும் எவ்வளவு பெரியது என்பதை விளங்கிக் கொள்ள இந்தக் கணக்கு உதவும்.

அயர்லாந்து குளிரான சிறிய நாடு. கம்பனிகள் தேடிப் போய் டேட்டா சென்டர்களைக் கட்டின. 2023ஆம் ஆண்டு அந்நாட்டில் மீற்றரில் பதிவான மின்சாரத்தில் 21 வீதம் அவற்றுக்கே போனது என்று அந்நாட்டு அரச புள்ளிவிபரத் திணைக்களம் கூறுகிறது. நகரங்களில் உள்ள வீடுகள் அனைத்தும் சேர்ந்து பாவித்ததை விட அது அதிகம். 2022இல் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் அர்த்தம் நன்றாகவே புரியும். அந்த நாட்களில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பொருளைக் கொட்டாத கடைக்காரர் நம்மில் யார்?

இரண்டாவது தண்ணீர்க் கணக்கு. 1 மெகாவாட் வெப்பத்தை முழுவதும் தண்ணீரை ஆவியாக்கியே தணிப்பதானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 35,000 லீட்டர் ஆவியாகிப் போகும். 10,000 லீட்டர் பவுசரில் மூன்றரை பவுசர். 10 மெகாவாட் என்றால் முப்பத்தைந்து பவுசர், ஒவ்வொரு நாளும். “வட்டவளையில் பெய்யாத மழையா?” என்று கேட்கலாம். மழை பெய்யும் மாதங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் ஊற்று மெலியும் காலத்தில், லயத்துத் தண்ணீர்க் குழாயில் குடங்கள் வரிசையில் நிற்கும் காலத்தில், அந்த முப்பத்தைந்து பவுசர் எந்த ஓடையிலிருந்து வரும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மூன்றாவது நிலக் கணக்கு. இதுவே நமது பிரதேசத்தில் மிகவும் நோவான இடம். தேயிலைத் தோட்ட நிலங்களில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது, பெருந்தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அதில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களுக்கோ ஏழு பேர்ச் காணி, பத்துப் பேர்ச் காணி என்பது இன்னமும் காத்திருக்கும் விடயம். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு கிராமங்களையே மூடியது. இதன் பிறகு மலையகத்தில் சமதரையான, சரியாத நிலம் என்பது தங்கத்தை விடப் பெறுமதியானது. டேட்டா சென்டருக்குத் தேவையும் அதே சமதரையான, சரியாத நிலம்தான். ஒரே துண்டுக்கு ஒரு பக்கம் கம்பனியும், மறுபக்கம் மண்சரிவு அபாயத்தில் வாழும் குடும்பங்களும் நின்றால் யாருக்கு முதலிடம்?

விசாகப்பட்டினத்திலும் இதே பிரச்சினைதான். திட்டத்துக்குப் பெயர் குறிக்கப்பட்ட இடங்கள் தர்லுவாடா, அடவிவரம், ராம்பில்லி. தர்லுவாடா கிராமத்தில் விவசாயிகள் சிலர் நிலம் கொடுக்க மறுத்தார்கள். தண்ணீர் எங்கிருந்து, மின்சாரம் எங்கிருந்து என்று மனித உரிமை அமைப்பினர் பகிரங்கமாகக் கேட்டார்கள். அறிவிப்பு முதலில் வந்தது, கேள்வி பிறகுதான் எழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது தொழில் கணக்கு. பக்கத்துக் கடைத் தம்பி என்னிடம் கேட்டார், “நானா, அது வந்தா எங்கட யாவாரம் கூடும்தானே?” என்று. கூடும், கட்டும் காலத்தில். சீமெந்து, கம்பி, மண் லொறிகள், சாப்பாட்டுப் பார்சல், வாடகை அறை என்று இரண்டு மூன்று வருடம் கடைவீதி கலகலப்பாக இருக்கும். கட்டி முடிந்த பின் உள்ளே வேலை செய்பவர்கள் சில டசின் பேர். பெரிய நிலையமானாலும் நூறு, இருநூறு. அவர்களில் பலர் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள், மின் பொறியியலாளர்கள். நமது ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது காவலும் துப்புரவும் என்றால் அதை நம்பி மேல் மாடி கட்டும் வியாபாரி கடனில்தான் நிற்பார். இதற்கு எதிர்க்கணக்கும் உண்டு. நல்ல ஃபைபர் இணைப்பு, உறுதியான மின்மார்க்கம், திருத்தப்பட்ட பாதை, பிரதேச சபைக்கு வரி வருமானம் எல்லாம் வரலாம். ஆனால் ‘வரலாம்’ என்பது வேறு, ‘தருவோம்’ என்று எழுத்தில் இருப்பது வேறு. சரக்கு விடயத்தில் நாம் இந்த வித்தியாசத்தை நன்கு அறிவோம்.

வெளிநாட்டில் ஊர் மக்கள் என்ன செய்தார்கள்?

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில் செரியோஸ் என்று ஒரு ஊர். அங்கே கூகுள் ஒரு டேட்டா சென்டர் கட்ட விண்ணப்பித்தது. ஊரில் சிலர், பெரிய படிப்பாளிகள் அல்ல, சாதாரண குடியிருப்பாளர்கள், விண்ணப்பத்துடன் இருந்த சுற்றாடல் அறிக்கையை உட்கார்ந்து வாசித்தார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில் ஒரு இலக்கம் கண்ணில் பட்டது. செக்கனுக்கு 169 லீட்டர் வரை நிலத்தடி நீர். பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி 46 இலட்சம் லீட்டர். வரட்சியில் கிடந்த பிரதேசம் அது. அந்த ஒரு இலக்கத்தை வைத்துக் கொண்டு 2019இல் ஊரில் கருத்து வாக்கெடுப்பு வரை போனார்கள். 2024 பெப்ரவரியில் சுற்றாடல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியை ரத்துச் செய்தது. அதே வருடம் செப்டெம்பரில் கம்பனி பழைய திட்டத்தை விட்டுவிட்டு, காற்றினால் குளிரூட்டும் முறையில் புதிதாக விண்ணப்பிப்பதாக அறிவித்தது.

இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்ற சிறு நகரம். அங்கே டேட்டா சென்டர் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு பத்திரிகை கேட்டது. அது கம்பனியின் வியாபார இரகசியம் என்று சொல்லி, தகவலைக் கொடுக்காமலிருக்க நகர சபையே பத்திரிகைக்கு எதிராக வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் வழக்கு முடிந்து கணக்கு வெளியே வந்தபோது, 2021ஆம் ஆண்டில் அந்த நகரம் பாவித்த தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் டேட்டா சென்டருக்குப் போயிருந்தது. ஊராருக்குத் தெரிய வந்தபோது அது ஏற்கனவே நடந்து முடிந்த விடயம்.

கம்பனி ஒன்று, இயந்திரமும் ஒன்று. ஒரு ஊர் அனுமதி கிடைத்து முடியும் முன்பே வாசித்தது. மற்ற ஊருக்கு வாசிக்கக் கிடைத்தது பிறகுதான்.

நமது மலைகளின் அனுபவம்

இவை தூரத்துக் கதைகள் என்று ஒதுக்க வேண்டாம். மின்சாரத்துக்காக இடம் கொடுத்த ஊர்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. வரட்சியில் தண்ணீர் வற்றும் போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் இருந்த இடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. அந்தக் காலத்தில் ஊராரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இருக்கவில்லை. லக்ஷபான மின்சாரம் 1950 முதல் கொழும்புக்குப் போனது. அதே மலையில் இருந்த லயங்களுக்கு விளக்கு வரப் பல தசாப்தங்கள் ஆயின.

அடுத்தது மேல் கொத்மலை. தலவாக்கலையில் அணை கட்டி, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாகத் தண்ணீரைக் கொண்டு போய் 150 மெகாவாட் எடுக்கும் திட்டம். இப்போது சட்டம் வந்துவிட்டிருந்தது. 1994இல் சுற்றாடல் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. நீர்வீழ்ச்சிகள் வற்றும், மண் சரியும், மக்கள் இடம் பெயர்வர் என்று சுற்றாடல் அமைப்புகளும் மலையகக் கட்சிகளும் ஆட்சேபித்தன. முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. மின்சார சபை மேன்முறையீடு செய்தது. 1998இல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. அதன் பின்னும் நீதிமன்றம் வரை விவகாரம் போனது. 2002இல் ஜப்பானியக் கடன் கைச்சாத்தாகி, 2006இல் வேலை தொடங்கி, 2012இல் மின் உற்பத்தி ஆரம்பமானது.

இந்த நீண்ட இழுபறியால் நாட்டுக்கு மின்சாரம் தாமதித்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. அதே நேரம் கிடைத்ததையும் பாருங்கள். வேறு துணையாறுகளையும் திருப்பும் யோசனை கைவிடப்பட்டது. சென் கிளையர் நீர்வீழ்ச்சியில் பகலில் தண்ணீர் விட வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. இடம் மாற்றப்பட்ட ஏறக்குறைய 500 குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கட்டப்பட்டன. தலவாக்கலையில் கடைகளும் இடம் மாறின, பாடசாலையும் புதிய இடத்தில் எழும்பியது. எல்லோரும் திருப்தி என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எழுத்தில் ஏதோ ஒரு பதில் கிடைத்தது என்பதே பாடம்.

மூன்றாவது உதாரணம் உமா ஓயா. 2008இல் அடிக்கல் நடப்பட்டது. சுற்றாடல் அனுமதி அதற்குப் பிறகுதான் வந்தது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய ஆரம்பித்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்த மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அப்போது அவர்கள் கேட்க முடிந்தது நட்டஈட்டை மட்டுமே. சுரங்கத்தின் பாதையை மாற்றுங்கள் என்று கேட்கும் காலம் கடந்து போயிருந்தது. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.

மஸ்கெலியாவில் யாரும் கேட்கவில்லை. பண்டாரவளையில் காலம் கடந்து கேட்டார்கள். தலவாக்கலையில் உரிய காலத்தில் கேட்டதால் சில விடயங்களாவது மாறின.

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதற்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தமும் இதற்கு அடிப்படை. எந்தெந்தத் திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதி வர்த்தமானியில் வந்தது. அந்தப் பட்டியலில் ‘டேட்டா சென்டர்’ என்ற பெயர் கிடையாது. அப்போது அப்படி ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் வேறு வாசல்களால் அது உள்ளே வரலாம். 10,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட வர்த்தகக் கட்டடம், 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றுதல், 50 ஹெக்டேயருக்கு மேல் நிலத்தை வெளியாக்குதல், 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயர் அழுத்த மின்மார்க்கம், 100 குடும்பங்களுக்கு மேல் இடம் பெயர்த்தல் ஆகியவை பட்டியலில் உள்ளன. ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்தத் திட்டம் பட்டியலில் எந்த இலக்கத்தின் கீழ் வருகிறது? வரவில்லை என்றால் ஏன்?” என்பதாகும். அளவைக் கொஞ்சம் குறைத்து, துண்டு துண்டாக விண்ணப்பித்து, பட்டியலுக்கு வெளியே நிற்பது உலகம் முழுவதும் உள்ள தந்திரம்.

இரண்டாவது கேள்வி, அறிக்கை எந்த வகை? ‘சுற்றாடல் தாக்க மதிப்பீடு’ என்பது பெரிய அறிக்கை. அது தயாரானதும் வர்த்தமானியிலும், தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். பொதுமக்கள் 30 வேலை நாட்களுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அந்தக் கருத்துகளுக்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். தேவை என்று கருதினால் பகிரங்க விசாரணையும் நடத்தலாம். ‘ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை’ என்பது சிறிய அறிக்கை. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் அந்த 30 நாள் கட்டாயம் இல்லை. எனவே பெரிய அறிக்கையா, சிறிய அறிக்கையா என்று முடிவாகும் முன்பே, “இது பெரிய அறிக்கைக்குரிய விடயம்” என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுவது முக்கியம்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எந்த அரச அலுவலகத்திலும் இருக்கும் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காணியை யார் யாருக்குக் கொடுத்தார், மின்சாரம் எந்த விலைக்கு, தண்ணீர் எங்கிருந்து என்று அரச அலுவலகங்களில் இருக்கும் கடிதங்களை இப்படிக் கேட்டுப் பெறலாம்.

எழுதுவது எப்படி?

“எமது ஊரை அழிக்காதே” என்று எழுதினால் அதற்குப் பதில் கிடைக்காது. “அபிவிருத்தியை வரவேற்கிறோம்” என்று எழுதினால் கேள்வியே இல்லை. சரக்கில் குறை கண்டால் மொத்த வியாபாரிக்கு நாம் எப்படி எழுதுவோம்? பற்றுச்சீட்டு இலக்கம், திகதி, எத்தனை மூட்டை, எவ்வளவு குறைவு. அதே முறைதான் இங்கேயும். பக்கத்தைக் குறிப்பிட்டு, இலக்கத்தைக் குறிப்பிட்டு, கேள்வியை ஒன்றொன்றாகப் பிரித்துக் கேளுங்கள். உதாரணமாக,

“அறிக்கையில் இந்தப் பக்கத்தில் நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று உள்ளது. இது ஜனவரி முதல் மார்ச் வரையான வரட்சிக் கால அளவா, வருடச் சராசரியா? இதே ஓடையிலிருந்து கீழே எத்தனை வீடுகள் தண்ணீர் எடுக்கின்றன என்ற கணக்கு அறிக்கையில் ஏன் இல்லை?”

“மின்வெட்டுக் காலத்தில் இந்த நிலையத்துக்குத் தனிச் சலுகை உண்டா? ஜெனரேட்டர்கள் எத்தனை, டீசல் எங்கே களஞ்சியப்படுத்தப்படும், அருகில் உள்ள வீட்டுக்கு எத்தனை மீற்றர்?”

“மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்கப்பட்டதா? அது தித்வா புயலுக்கு முன்னர் எடுத்ததா, பின்னர் எடுத்ததா? தளம் வெட்டும் மண் எங்கே கொட்டப்படும்?”

“உள்ளூர்வாசிகளுக்கு நிரந்தர வேலை எத்தனை? பயிற்சியை யார் தருவார்? பத்து வருடத்தில் மூடினால் இந்த நிலம் யாருக்குப் போகும்?”

இவ்வளவும் ஒரு தாளுக்குள் எழுதி முடிக்கலாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வைப்பதை விட, பத்துப் பேர் தத்தமது கேள்வியைத் தனித்தனியாக எழுதுவது நல்லது. பேக்கரிக்காரருக்கு மின்சாரக் கேள்வி, ஹோட்டல்காரருக்குத் தண்ணீர்க் கேள்வி, லொறி வைத்திருப்பவருக்குப் பாதைக் கேள்வி.

நமது கையெழுத்தின் பெறுமதி

கடைசியாக, நம்மைப் பற்றியே ஒரு விடயம் சொல்ல வேண்டும். சிறு நகரங்களில் திட்டம் ஒன்று வந்தால் முதலில் தேடப்படுபவர்கள் வர்த்தக சங்கத்தினர்தான். ஹோட்டலில் கூட்டம், நல்ல சாப்பாடு, திரையில் அழகான படங்கள், கடைசியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பின்னர் அறிக்கையைப் புரட்டினால், ‘பிரதேச மக்களின் கருத்து பெறப்பட்டது’ என்று எழுதப்பட்டு, அந்தக் கையெழுத்துகளே இணைப்பாக நிற்கும்.

கடைவீதியில் இருக்கும் நாற்பது ஐம்பது பேர் ஒரு பிரதேசம் ஆகிவிட முடியாது. தோட்டத்தில் இருப்பவர்கள் வேலை நாளில் ஹோட்டலுக்கு வர முடியாது, ஒரு நாள் பெயர் விழாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். தண்ணீர் குறைந்தால் முதலில் தவிப்பது அவர்கள். நிலம் போனால் காத்திருப்பு நீள்வதும் அவர்களுக்கே. நமது கடன் கொப்பியைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பவர்கள் கம்பனிக்காரர்கள் அல்ல, அந்தத் தோட்டத்துக் குடும்பங்களே. சம்பள நாளில் அவர்கள் கொண்டு வரும் காசில்தான் நமது அடுப்பு எரிகிறது. அவர்களுக்கு நட்டமான ஒரு திட்டம் நமக்கு இலாபமாக இருக்க வழியில்லை.

ஆகவே அப்படி ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் போங்கள், மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் மூன்று விடயங்களைச் சொல்லி வையுங்கள். கூட்டத்தைத் தோட்டத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே கையில் கிடைக்க வேண்டும். வருகைக் கையெழுத்து சம்மதக் கையெழுத்து அல்ல என்பதை அதே தாளில் எழுத வேண்டும். பள்ளிவாசல் நிர்வாக சபையும் கோயில் பரிபாலன சபையும் விகாரையின் தாயக சபையும் சேர்ந்து கேட்டால் இதை மறுப்பது எவருக்கும் சிரமம். பள்ளிவாசல் மதில் ஒன்று கட்டுவதற்கே மஷூரா செய்பவர்கள் நாம், மலையைக் குடைவதற்கு மஷூரா வேண்டாமா?

டேட்டா சென்டர் கெட்டது என்றோ நல்லது என்றோ நான் தீர்ப்புக் கூறவில்லை. காற்றினால் குளிரூட்டி, தனது மின்சாரத்துக்குத் தானே வழி செய்து, சரியாத தரிசு நிலத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வரும் ஒரு திட்டம் என்றால் வரவேற்கலாம். அப்படியா இல்லையா என்பதை அறிக்கையை வாசித்தால்தான் அறிய முடியும். வர்த்தக சங்கம் ஒவ்வொன்றும் இப்போதே இரண்டு இளைஞர்களைத் தெரிவு செய்து, வர்த்தமானி அறிவித்தல்களையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அறிவித்தல்களையும் மாதம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பைக் கொடுக்கட்டும். அந்த 30 வேலை நாட்கள் ஆரம்பித்த முதல் நாளே தகவல் கடைவீதிக்கு வர வேண்டும், தோட்டத்துக்கும் போக வேண்டும். முப்பத்தோராவது நாள் எழுதும் கடிதத்துக்குப் பதில் சொல்ல எவரும் கடமைப்பட்டவர் அல்ல.